சக்கரவர்த்தி சைஸ்

கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். அப்படி ஓர் ஆபீஸில் பெனிட்டோவுக்குப் பதினோரு வருஷமாகப் பெட்டி சரிபார்க்கிற வேலை. மெஷினிலிருந்து வந்து விழும் பெட்டிகளில் ஒன்றை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, ஒரு தட்டு தட்டுவான். அடிப்பெட்டி கழன்று கீழே விழுந்தால் மேல்பெட்டி லூஸ் என்று அர்த்தம். அந்தக் கட்டு அப்படியே திரும்பிப் போகும். லேபிளில் புலி இருக்கிறதா பூனை இருக்கிறதா என்று அவன் பார்ப்பதே இல்லை. பதினோரு வருஷம் இதையே செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கத்தான் தோன்றும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் கேசரியைச் சந்தேகமாகப் பார்த்தான் என்று அவன் மனைவி ஜெயஷீலா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த ஜெயஷீலாவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைத்து வந்ததே பெரிய காரியம். டாக்டர் ஆஸ்லின் பூசி மெழுகிப் பேசுகிறவர் இல்லை.

"இன்னொரு தடவை உண்டானா இவங்கள நான் காப்பாத்தித் தர முடியாது. இப்ப இவங்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ண உடம்பு தாங்காது. மாத்திரையும் ஆகாது. நீங்க பண்ணிக்கலாம் பெனிட்டோ, பத்து நிமிஷ வேலை."

பெனிட்டோ சுவரில் இருந்த காலண்டரை வாசித்தான். "யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்."

"யோசிச்சு முடிக்கிற வரைக்கும் உறை போடுங்க. ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது."

மாதா கோயில் சாமியாரிடம் இதைப் பற்றி அபிப்பிராயம் கேட்க முடியாது. கருத்தடை பாவம் என்கிற பதில் ஏற்கெனவே தெரியும். ஆகவே பெனிட்டோ நேராக அய்யாத்துரையின் மருந்துக்கடைக்குப் போனான். கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு கம்பெனியின் பெட்டிகள்தான் வரிசையாக இருந்தன. 'பராக்கிரம்' என்று பெயர். பெட்டிக்குப் பெட்டி ஒரு சிங்கம் வாயைப் பிளந்து நின்றது. எதற்கு இந்தச் சிங்கம் இத்தனை கோபமாக இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"என்ன சைஸ்?" என்றார் அய்யாத்துரை.

"என்னெல்லாம் இருக்கு அண்ணாச்சி?"

"பெருசு, ராஜா, மகாராஜா."

"சாதாரணம் இல்லையா?"

அய்யாத்துரை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தார். "பெருசுதான்வே சாதாரணம்."

பெனிட்டோ பெரியதை வாங்கிக்கொண்டான். அய்யாத்துரை அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பையின் வாயில் பின் அடித்து, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கோவில்பட்டியில் கறுப்புப் பையோடு வெளியே வருகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். வெள்ளைப் பையில் கொடுத்திருந்தால் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

மூன்றாவது தடவை உறை பாதி வழியில் அவனை விட்டுவிட்டுத் தனியாக நின்றுகொண்டது. பெனிட்டோவுக்குத் தட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. மேல்பெட்டி லூஸ்.

அந்த மாதம் ஜெயஷீலாவுக்கு ஆறு நாள் தள்ளிப்போனது. அந்த ஆறு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவளைக் கூப்பிட்டுத் தங்கச்சிக்கு எப்படிப் பால் ஆற்றுவது என்று சொல்லிக்கொடுத்தாள். பெரியவளுக்கு வயது ஐந்து.  ஏழாம் நாள் காலையில் அவள் குளியலறையிலிருந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில்.

"சரியானது வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கிட்ட வரப்பிடாது" என்றாள்.

டாக்டர் ஆஸ்லின் ஒரு காகித டேப்பைக் கொடுத்து அனுப்பினார். அளந்து பார்த்ததில் அவனுக்கு வேண்டியது நாற்பத்தொன்பது மில்லிமீட்டர் அகலம். "நிறையப் பேருக்கு இதுதான். வெக்கப்படாம கேட்டு வாங்குங்க" என்றார் அவர். சொல்லுகிறவருக்கு என்ன, அவர் அய்யாத்துரை கடையில் நிற்கப்போவதில்லை.

"நாப்பத்தொம்பது இருக்கா அண்ணாச்சி?"

"அப்படின்னா?"

"சைஸ். சின்னது."

தைலம் வாங்க நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அய்யாத்துரை கல்லாவுக்கு மேல் சாய்ந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"சின்னதுன்னு ஒண்ணு கிடையாதுவே. முப்பது வருசமாக் கடை வச்சிருக்கேன். ஒரு ஆம்பள வந்து சின்னது குடுன்னு கேட்டதில்ல. நம்ம கரிசக்காட்டு மண்ணு அப்படி."

"கேக்கலையா, கேக்க வாய் வரலையா?"

"பெட்டில கம்பெனி நம்பரு இருக்கு. அவியகிட்ட கேளும். என் கடைப் பேர கெடுத்துராதேயும்."

பெனிட்டோ மூன்று பெட்டிகளையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் அகலம் போட்டிருந்தது. பெரியது, ஐம்பத்தாறு. ராஜா, ஐம்பத்தாறு. மகாராஜா, அதுவும் ஐம்பத்தாறு. அவன் மனதில் பதினோரு வருஷமாக லேபிளை நம்பாமல் இருந்த ஏதோ ஒன்று, பார்த்தாயா என்று கேட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸுக்குப் பின்னால் போய் நின்று அந்த நம்பருக்கு அடித்தான்.

"பராக்கிரம் ஹெல்த்கேர் உங்களை வரவேற்கிறது. பெரிய அளவுக்கு எண் ஒன்றை அழுத்தவும். அதைவிடப் பெரிய அளவுக்கு எண் இரண்டை அழுத்தவும். அதையும்விடப் பெரிய அளவுக்கு எண் மூன்றை அழுத்தவும். உங்கள் அளவை நாங்கள் இன்னும் தயாரிக்கவில்லை என்று கருதினால் எண் நான்கை அழுத்தவும்."

பெனிட்டோ நேர்மையாக நான்கை அழுத்தினான்.

"வாழ்த்துகள் சார்" என்றது ஓர் ஆண்குரல்.

"பெருசா இருக்குங்க."

"மறுபடியும் வாழ்த்துகள் சார்."

"ஒங்க பொருள்தான் பெருசா இருக்கு. கழண்டு வருது."

கீபோர்டைத் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் பணிவாகச் சொன்னது. "சார், புகார்ல இறுக்கம்னு ஒரு வகை இருக்கு. கிழிதல் இருக்கு. வாசனை பிடிக்கலைங்கிறது இருக்கு. தளர்வுன்னு ஒரு வகை எங்க கம்ப்யூட்டர்ல இல்ல சார்."

"இல்லன்னா சேத்துக்கோங்க."

"அப்படி ஒரு வகை இருக்குன்னு வெளிய தெரிஞ்சாலே கம்பெனிக்கு இழுக்கு சார். உங்கள 'மற்றவை'ல போடுறேன். எங்க ஆள் நேர்ல வருவார். முழு ரகசியம் காக்கப்படும்."

ரகசியத்தைக் காப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் பூசை முடிந்து வீடு திரும்புகிற நேரத்தில், பெனிட்டோவின் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வேனின் ஒரு பக்கம் முழுக்கச் சிங்கம். மறுபக்கம் ஆளுயர எழுத்தில் 'சிறியவர்களுக்கு அல்ல' என்று போட்டிருந்தது. அந்தப் பக்கம்தான் தெருவைப் பார்த்து நின்றது.

இறங்கியவர் பெயர் மணிகண்டபிரபு. தென்மண்டல மேலாளர், கயத்தாற்றுக்காரர். சித்திரை வெயிலில் கோட்டு போட்டிருந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் ஜன்னல் கதவைச் சாத்தினார். பிறகு பெனிட்டோவை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி உங்கள அனுப்புச்சு?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கேன் சார்."

"அத நம்பச் சொல்லுதீங்க. எங்க வரலாற்றுலயே சின்னது வேணும்னு கேட்டு எவனும் போன் பண்ணதில்ல. இது எங்கள உடைக்க போட்டிக்காரன் பண்ணுற வேலைன்னு தலைமை அலுவலகம் சந்தேகப்படுது."

காப்பி கொண்டுவந்த ஜெயஷீலா டம்ளரைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "எனக்கு வலிப்பு வந்ததும் போட்டிக்காரன் பண்ணதுதானா?"

மணிகண்டபிரபு ஒரு ஃபைலைத் திறந்தார். அறிவியலை எதிர்த்து யாரும் பேச முடியாது என்று தொடங்கினார். "மூணு மாவட்டத்துல நாலாயிரம் ஆண்கள்ட்ட சர்வே எடுத்திருக்கோம். நாலாயிரம் பேரும் சராசரிக்கு மேல."

பெனிட்டோ தலையைச் சொறிந்தான். "நாலாயிரம் பேரும் சராசரிக்கு மேலன்னா, சராசரி யாரு சார்?"

"அவங்க வெளி மாவட்டம்."

"அளந்து பாத்தியளா?"

"கேட்டோம். ஒரு ஆண்மகனோட வாய்ச்சொல்ல நம்பாம டேப்பை எடுத்தா அது அவனுக்குச் செய்யுற அவமானம். நம்பிக்கைதான் எங்க மூலதனம்."

"சரி. பெருசு, ராஜா, மகாராஜா மூணுலயும் அம்பத்தாறுன்னு போட்டிருக்கே."

மணிகண்டபிரபுவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அளவு ஒண்ணுதான். அனுபவம் வேற."

பெனிட்டோ எழுந்துபோய் ஒரு தீப்பெட்டியை எடுத்துவந்தான். தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். அடிப்பெட்டி விழவில்லை. "இது நல்ல பெட்டி. மேல்பெட்டி லூசா இருந்தா குச்சியெல்லாம் ரோட்டுல கிடக்கும். மேல்பெட்டி பெருசா இருக்குன்னு யாராவது பெருமைப்படுவாவளா சார்? எனக்குப் பெருமை வேண்டாம். எம்பொண்டாட்டி உசுரோட இருக்கணும்."

இந்த இடத்தில் மணிகண்டபிரபு கோட்டைக் கழற்றினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க ஃபேக்டரில நாப்பத்தொம்பதுக்கு அச்சு இருக்கு. ஒரு வெளிநாட்டு ஆர்டருக்குப் பண்ணது. எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன், அவங்க மானம். ஆனா இங்க வித்தா எவன் வாங்குவான்? சின்னதுன்னு எழுதுன பெட்டிய எவனாவது கையில தொடுவானா?"

பெனிட்டோ அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழில் தெரிந்தவனுக்கு அந்தப் புத்தி ஏது?

"அது ஒரு விஷயமே இல்ல சார். எங்க ஆபீஸ்ல ஒருக்க குச்சி குட்டையா வெட்டிட்டாவ. ஒருத்தனும் வாங்கல. மொதலாளி லேபிளை மட்டும் மாத்துனாரு. ஒட்டகச்சிவிங்கி படம் போட்டாரு. நீளக் குச்சின்னு நெனச்சு ஒரே மாசத்துல அம்புட்டையும் வாங்கிட்டானுவ."

மணிகண்டபிரபு காப்பியைக் குடிக்காமலே எழுந்து வேனுக்கு ஓடினார்.

இரண்டே மாதத்தில் கோவில்பட்டியில் ஒரு ஓட்டல் ஹாலில் அறிமுக விழா நடந்தது. சுற்றுவட்டார மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். திரையை விலக்கியதும் தங்க நிறத்தில் ஒரு பெட்டி, கிரீடம் வைத்த சிங்கம், 'பராக்கிரம் சக்கரவர்த்தி' என்று எழுத்து. அடியில் எறும்பெழுத்தில் நாற்பத்தொன்பது மில்லிமீட்டர். அதை வாசித்தவர்கள் அந்த ஹாலில் இரண்டு பேர். ஒருவன் பெனிட்டோ. இன்னொருவர் மேடையில் நின்றார்.

"நண்பர்களே," என்றார் மணிகண்டபிரபு, "மகாராஜாவுக்கு மேல என்ன இருக்குன்னு எங்ககிட்ட கேட்டாங்க. மக்கள் குரலுக்குச் செவிசாய்ச்சிருக்கோம். எங்க பொருளோட தரத்துக்கு நானே சாட்சி. கல்யாணமான நாள்லேருந்து நான் மகாராஜாதான். இன்னைக்கு எனக்கு நாலு பிள்ளைங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பெனிட்டோ மட்டும் தட்டவில்லை. நாலு பிள்ளை எதற்குச் சாட்சி என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

பெயர் வெளியிட விரும்பாத வாடிக்கையாளர் ஒருவருக்கு அடுத்து மரியாதை செய்தார்கள். பெயரை வெளியிடவில்லைதான். மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் போட்டோவை மட்டும் போட்டிருந்தார்கள். பெனிட்டோவுக்குப் பொன்னாடையும் ஒரு கேடயமும் ஒரே ஒரு பெட்டிச் சக்கரவர்த்தியும் கிடைத்தன. அந்தப் பெட்டி சரியாக இருந்தது. பேச்சுமூச்சு இல்லாமல் தன் வேலையைப் பார்த்தது. ஜெயஷீலாவுக்கு அந்த மாதம் நாள் தவறவில்லை. வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெனிட்டோ கேடயத்தைக்கூட எடுத்து டிவி மேல் வைத்தான், எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி.

ஆனால் பெட்டியில் இருந்தது பத்து. பதினோராவது வேண்டுமென்று கடைக்குப் போனால் அலமாரி காலி.

"வந்த அன்னைக்கே தீந்துட்டுவே. டவுன் பூரா சக்கரவர்த்திதான்" என்றார் அய்யாத்துரை.

உண்மைதான். ஆபீஸில் மெஷின் ஓட்டுகிற கடற்கரை என்பவன் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். "சக்கரவர்த்தியே நமக்கு இறுக்குதுடே. மூச்சு முட்டுது. இதுக்கு மேல ஒரு சைஸ் கிடையாதாம். கம்பெனியால ஏலலையாம். ரெண்டு கிழிஞ்சே போச்சு."

"எனக்கு மூணு" என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஒருவன் முகத்திலும் கவலை இல்லை. கிழிந்தால் என்ன நடக்கும் என்று அவர்கள் யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் எந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கிறார்களோ என்று நினைத்த பெனிட்டோ டீ கிளாஸைப் பாதியிலேயே கீழே வைத்தான். லேபிளை மாற்றச் சொன்னவன் அவன்தானே. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். கடற்கரை அவன் தோளைத் தட்டி, "ஒங்களுக்கு இந்தப் பிரச்சின இல்ல அண்ணாச்சி, குடுத்துவச்ச ஆளு" என்றான். அன்றைக்குத் தைலம் வாங்க நின்றவர், அவன் சின்னது கேட்ட கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

பெனிட்டோ பைக்கை எடுத்துக்கொண்டு கயத்தாறு போனான். இல்லை. விளாத்திகுளத்தில் இல்லை. எப்போதும்வென்றான் கிராமத்தில் ஒரே ஒரு கடை. அங்கேயும் போன வாரமே தீர்ந்துவிட்டதாம். திரும்ப அய்யாத்துரையிடம் வந்தபோது கல்லாவுக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தெரிந்தது.

"அங்கன இருக்கே அண்ணாச்சி."

"அது ரெகுலர் கஸ்டமருக்கு எடுத்து வச்சது. பெரிய ஆளுகளுக்கு உள்ளத ஒமக்குக் குடுத்தா நாளைக்கு என்னைய என்ன சொல்லுவாவ? இந்தா, மகாராஜா கொண்டுபோரும். ஒமக்கு அது காணும்."

"அண்ணாச்சி, சக்கரவர்த்திதான் சின்னது. எனக்காவப் பண்ணது."

அய்யாத்துரை அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். கஷ்டம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி இப்படியும் போகுமோ என்கிற பார்வை. கறுப்புப் பையில் மகாராஜாவைப் போட்டுப் பின் அடித்துக் கையில் திணித்தார். பெனிட்டோவும் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஜெயஷீலா பையைப் பிரித்துப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இதுவா?"

"ஆள் நின்னாவ ஷீலா. எப்படிச் சத்தமாக் கேக்க?"

"ஆள் நின்னாவளா. நான் சவப்பெட்டில கிடந்தாலும் ஆள் நிக்கத்தான் செய்வாவ. அப்ப என்ன சொல்லுவீங்க, எல்லாரும் பாத்தாவ, அதான் கேக்கலன்னா? ஆபரேஷனுக்கும் யோசிச்சுச் சொல்லுதேன்னு காலண்டரப் பாத்தீங்க. ஒங்க மானத்துக்கு எம் உசுரா கெடச்சுது?"

பெனிட்டோ இத்தனை நாளும் கம்பெனியைச் சந்தேகப்பட்டான், கடைக்காரரைச் சந்தேகப்பட்டான், சர்வேயைச் சந்தேகப்பட்டான். தன்னை ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜெயஷீலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகாராஜாவைக் கையில் எடுத்து நடந்தாள். பை இல்லாமல். அவன் பின்னாலேயே ஓடினான்.

சாயங்காலம் ஆறு மணி. அய்யாத்துரை கடையில் நல்ல கூட்டம். கடற்கரையும் நின்றான், கையில் அப்போதுதான் வாங்கிய கறுப்புப் பை.

"அண்ணாச்சி, இத வச்சுக்கிட்டு சக்கரவர்த்தி குடுங்க" என்றாள் ஜெயஷீலா.

"தாயி, அது ஒங்க வீட்டுக்காரருக்கு..."

"எங்க வீட்டுக்காரருக்குச் சின்ன சைஸ்தான் சரி. அதான் கேக்கேன். கண்ணாடியப் போட்டு ரெண்டு பெட்டியோட அடிய வாசிங்க. சத்தமா."

ஒரு பெண் கடை நடுவில் நின்று இப்படிப் பேசி அய்யாத்துரை கண்டதில்லை. அந்த அதிர்ச்சியில் அவர் நிஜமாகவே கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டார். "மகாராஜா... அம்பத்தாறு. சக்கரவர்த்தி..." நிறுத்தினார். பெட்டியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "நாப்பத்தொம்பது."

  ஜெயஷீலா திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "இருக்கதுலயே சின்னது இதுதான். இறுக்குது, கிழியுதுன்னு பெருமை பேசுதவிய வீட்டுல போய் பொண்டாட்டிட்ட நாள் தள்ளிருக்கான்னு கேளுங்க. எனக்கு ஆறு நாள் தள்ளுச்சு. ஆறு நாளும் நான் பொணமாத்தான் இருந்தேன்."

கடற்கரை தன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பிறகு அதைக் கடை ஓரத்தில் இருந்த சத்துமாவு டப்பாக்களுக்கு நடுவில் மெதுவாக வைத்துவிட்டு நழுவினான்.

மறுநாள் காலை அய்யாத்துரை ஷட்டரைத் தூக்கியபோது வாசல் முழுக்கக் கறுப்புப் பைகள். போட்டவர் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மத்தியானம் அவரே டிவிஎஸ்ஸில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு பெனிட்டோ வீட்டுக்கு வந்தார். "இத எங்கடையில வச்சிருந்தா ஒருத்தனும் காய்ச்சல் மாத்திரை வாங்கக்கூட வர மாட்டேங்கான். நீரே வச்சுக்கிடும்" என்று இறக்கிவிட்டுப் போனார். பெனிட்டோ பெட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்த்தான். இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஜெயஷீலா அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆபரேஷனுக்கு டாக்டர்ட்ட தேதி கேட்டிருக்கேன்" என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே. அதற்குப் பிறகும் மூன்று மாதம் உறை போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் கைவசம் இருந்தது.

பராக்கிரம் கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. சக்கரவர்த்தி திரும்பப் பெறப்படுகிறது. தென் மாவட்ட ஆண்களிடையே சிறிய அளவுக்குத் தேவை இல்லை என்பது களத்தில் நிரூபணமாகியுள்ளது. மகாராஜாவுக்கு மேல் 'மாமன்னர்' விரைவில் வெளிவரும், அகலம் ஐம்பத்தாறு.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பைக் ஒன்று பெனிட்டோவின் வாசலில் நின்றது. வேன் இல்லை, கோட்டு இல்லை. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். குரலை வைத்துத்தான் மணிகண்டபிரபு என்று தெரிந்தது.

"மிச்ச ஸ்டாக் உங்ககிட்ட இருக்கறதாக் கேள்விப்பட்டேன். கம்பெனி ஆவணத்துக்கு ரெண்டு மூணு மாதிரி தேவைப்படுது."

"ஃபேக்டரில இல்லையா?" என்றாள் ஜெயஷீலா.

"அழிச்சாச்சு." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "ஒரு நண்பருக்கும் வேணும். அவரு வீட்ல நாலும் சிசேரியன். இனி உண்டானா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

பெனிட்டோ உள்ளே போகத் திரும்பினான். ஜெயஷீலா கையை நீட்டித் தடுத்தாள்.

"எத்தன வேணும்னாலும் தாரேன். என்ன வேணும்னு மட்டும் ஒரு தடவ ஒங்க வாயால கேளுங்க. நண்பருக்கு வேண்டாம், ஆவணத்துக்கு வேண்டாம். எனக்குச் சின்னது வேணும்னு சொல்லுங்க."

மணிகண்டபிரபு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். மேடையேறி ஒரு ஹாலையே கைதட்ட வைத்தவர், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார், மறுபடி இறக்கினார். ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காற்றின் ஆவி படிந்தது.

"நடுவுல ஒரு சைஸ் இருந்தா..." என்றார்.

"இல்ல."

அவர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெனிட்டோவுக்கு மனது கேட்கவில்லை. "குடுத்திருக்கலாம்டி. பாவம், அந்தப் பொம்பள."

"அந்தப் பொம்பளைக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் ஜெயஷீலா.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக வாசலில் நின்றாள். கயத்தாற்று பஸ்ஸில் வந்தாளாம். பெயர் ராதாமணி, மணிகண்டபிரபுவின் மனைவி. எதிர்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"தங்கச்சி, சின்னது உங்ககிட்ட இருக்காமே, கயத்தாறு வரைக்கும் பேச்சு. ஒரு பெட்டி குடு. அவரு நேத்து ஹெல்மெட்டோடயே வீட்டுக்குள்ள வந்தாரு. கேக்க வாய் வராம வந்துருக்காருன்னு அப்பமே புரிஞ்சுபோச்சு."

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமாக்கா?"

"மூத்தவன் உண்டானப்பவே தெரியும். எப்படிச் சொல்ல? அவரு பாக்க உத்தியோகம் அப்படி. பெருசுன்னு ஊரெல்லாம் விக்கிற மனுசன்ட்ட போய்..." அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டாள். "சொல்லாம இருந்துட்டேன். நாலு ஆச்சு."

ஜெயஷீலா உள்ளே போய் ஐந்து பெட்டிகளை எடுத்துவந்தாள். கூடவே ஒரு கறுப்புப் பையையும் பெனிட்டோ எடுத்து நீட்டினான். ராதாமணி பையை வாங்கவில்லை. கையைப் பிடித்து நின்ற பிள்ளையிடம் இரண்டு பெட்டியைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மீதியைத் தான் எடுத்துக்கொண்டாள். தங்க நிறத்துச் சிங்கங்கள் வெயிலில் மின்ன, அவள் பிள்ளைகளோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.